ஜரிகைக்காக அவர் எழுதிய நாற்பது வரி

மே 14, திங்கள்

கத்திரி வெயில். எட்டு மணிக்கே தறிக்குழிக்குள் கால் வைக்க முடியவில்லை. கரண்ட் இரண்டு தடவை போனது. காலையிலிருந்து ஒரு முழம்கூட ஆகவில்லை.

இது என் வீட்டுக்காரருடைய டைரி. மார்ச் 22 வரை அவர் எழுத்து. மறுநாள் மார்வலி, போய்விட்டார். மிச்சப் பக்கமெல்லாம் வெள்ளை. வீணாகக் கூடாது என்று நான் எழுதுகிறேன். அஞ்சாவது வரை படித்தவள். தப்பு இருந்தால் இருக்கட்டும், யார் பார்க்கப்போகிறார்கள்.

அவரும் நிறைய எழுதவில்லை. கல்யாணத் தேதி, மண்டபம், கீழே ‘கை 22’, ‘கை 17’ என்று ஏதோ. என்ன கையோ.

மத்தியானம் கடைக்குப் போனேன். அவருடைய மூக்குக்கண்ணாடியும் டிபன் கேரியரும் ஐம்பத்திரண்டு நாளாக அங்கேயே இருக்கின்றன. கடை என்றால் அவருடைய கூட்டாளி தாமு வீட்டு முன்னறை. இரண்டு பேரும் சேர்ந்து ஆரம்பித்தது. கல்யாணம் நடக்கும்போதே கேமராவில் பிடித்து இன்டர்நெட்டில் அனுப்புவது. வர முடியாத சொந்தக்காரர்கள் அமெரிக்காவிலும் துபாயிலும் இருந்தபடியே பார்ப்பார்கள். மேடையில் கேமரா தாமு. உள்ளே கம்ப்யூட்டர் இவர்.

தாமு போன வாரக் கல்யாணத்தை ஓட்டிக்கொண்டிருந்தான். பெண்ணுக்கு அரக்குப் புடவை, சாண் அகல பார்டர். ஜரிகையைக் காணோம். ஜரிகை இருக்கவேண்டிய இடத்தில் மஞ்சளாகக் கட்டம் கட்டமாக, வறுத்த ரவையைக் கொட்டின மாதிரி.

“தாமு, ஜரிகை ஏன் இப்படி இருக்குது?”

“நெட்டு சரியில்ல அண்ணி.”

“நெட்டு சரியில்லன்னா மூஞ்சியும்தானே கெடணும்? மூஞ்சி நல்லாத்தானே இருக்குது.”

தலையைச் சொறிந்தான். ஃபேனைப் பார்த்தான்.

“அண்ணன் போட்டு வச்சிருந்தத எடுத்துட்டேன் அண்ணி. சித்திரையிலயே.”

கேரியரைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது, கண்ணாடியை எடுக்கவில்லை.

மே 15, செவ்வாய்

தறியில் உட்காரவில்லை. உட்கார்ந்தால் அறுத்துவிடுவேன் போல.

எனக்கு ஆறவில்லை. ஒரு வார்த்தை கேட்டானா? கேட்கக்கூடத் தோன்றவில்லையே. அது யாருக்காகப் போட்டது என்று தெரியாதா அவனுக்கு?

போன ஆவணியில் முதல் கல்யாணம் அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்து பெருமையாக எனக்குப் போட்டுக் காட்டினார். நான் பார்த்துவிட்டு, “இது பட்டா, சாக்கா?” என்று கேட்டேன். விளையாட்டாகத்தான் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை.

மறுநாள் என்னுடைய முகூர்த்தப் புடவையை வாங்கிக்கொண்டு போனார். மாம்பழக் கலர், அரக்கு பார்டர். கடைச் சுவரில் ஆணி அடித்து மாட்டி, எதிரே கேமராவை வைத்து, ஃபேன் காற்றில் புடவை ஆட ஆட, மூன்று மாசம். அந்த சாஃப்ட்வேர் வெளிநாட்டில் நாலு பேர் எழுதி, யார் வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளட்டும் என்று விட்டதாம். படத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்துத்தான் அனுப்புமாம். கட்டம் இவருக்குப் புதிதா? இருபது வருஷம் பார்டர் டிசைனைக் கட்டம் போட்ட தாளில் வரைந்தவர். பிறகு அதையே கம்ப்யூட்டரில் வரைந்தவர். எந்தக் கட்டத்தில் ஜரிகை மினுக்குகிறதோ அந்தக் கட்டத்தை மட்டும் நின்று நிதானமாகப் பார்த்து அனுப்பு என்று எழுதிப் போட்டார். நாற்பது வரி. ஐப்பசி முடிவில் ஒருநாள் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் காட்டினார். ஜரிகை இழை இழையாகத் தெரிந்தது.

“இப்ப சொல்லு. பட்டா, சாக்கா?”

அதை எடுத்துவிட்டானாம். சித்திரையிலயே.

பெண் பரமேஸ்வரியை சாயங்காலம் கடைக்கு அனுப்பினேன். ப்ளஸ் டூ எழுதியிருக்கிறாள், இங்கிலீஷ் படிப்பாள். யார் எப்போது எதை மாற்றினாலும், ஏன் மாற்றினேன் என்று எழுதிவைக்கும் நோட்டு மாதிரி ஒன்று அந்தக் கம்ப்யூட்டருக்குள்ளேயே இருக்கிறது என்று அவர் சொல்லியிருக்கிறார். பார்த்து எழுதிக்கொண்டு வா என்றேன்.

துண்டுத்தாளில் எழுதிக்கொண்டு வந்தாள். முதலில் சொல்ல மாட்டேன் என்றாள்.

“நவம்பர்ல அப்பா பேரு இருக்குதும்மா. ‘ஜரிகை சரி செய்தது, வீட்டில் சொன்னபடி’ன்னு இங்கிலீஷ்ல போட்டிருக்காரு.”

வீட்டில் சொன்னபடி. வீட்டில் என்றால் நான்தான்.

“அப்புறம்?”

“ஏப்ரல்ல தாமு சித்தப்பா. அது வேணாம்மா.”

“படிடி.”

“‘குப்பையை எடுத்தது’ன்னு இருக்குது.”

மே 16, புதன்

விடிந்ததும் போய் நின்றேன். பல் விளக்கிக்கொண்டிருந்தான். வாயில் நுரையோடு, “வாங்க அண்ணி” என்றான்.

“எது குப்பை?”

நுரையைத் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தான். முகத்தைப் பார்க்கவில்லை.

“கோவத்துல போட்டேன் அண்ணி. அண்ணன சொல்லல. அந்தக் கம்ப்யூட்டர் கோட சொன்னேன்.”

“அந்தக் கோட எழுதுனது யாரு? ரோட்ல போறவனா?”

பிறகு கதையைச் சொன்னான். சித்திரையில் திருப்புட்குழியில் ஒரு கல்யாணம். பையனுடைய அப்பா துபாயில், லீவு கிடைக்கவில்லை. தாலி கட்டும் நேரத்தில் படம் அப்படியே நின்றுவிட்டது. மறுபடி ஓடியபோது எல்லோரும் சாப்பாட்டுக்கு எழுந்துகொண்டிருந்தார்கள். அந்த மனுஷன் மூன்று நாள் போன் செய்து அழுதாராம்.

“கல்யாணம் நடக்கற வேகத்துலயே படம் போவணும் அண்ணி. ஒரு செகண்டுக்கு இருபத்தஞ்சு படம். ஒண்ண அனுப்பி முடிக்கறதுக்குள்ள அடுத்தது வந்து நிக்குது. அண்ணன் கோடு ஜரிகை ஜரிகைன்னு நின்னு பார்த்துக்கினு இருந்தா எப்படி?”

“அவரு இருந்தப்ப பத்து கல்யாணம் அனுப்பினீங்க. ஒண்ணாவது நின்னுச்சா?”

“நிக்கல.”

“அப்ப இப்ப மட்டும் ஏன் நிக்குது?”

“அதான் தெரியல.”

“தெரியலன்னா தெரியலன்னு எழுதறதுதானே. குப்பைன்னு ஏன் எழுதின? இழை அறுந்தா எங்க அறுந்துச்சுன்னு பார்ப்பியா, பாவு நூலையே மொத்தமா அறுத்துப் போடுவியா?”

அவன் பெண்டாட்டி காபி கொண்டுவந்து வைத்தாள். நான் தொடவில்லை.

“திருப்பிப் போடறேன் அண்ணி. வெள்ளிக்கிழமை கூரத்துப் பொண்ணு கல்யாணம் இருக்குது. அதுலயே போடறேன். போதுமா?”

“நானும் வருவேன். அவரு உட்கார்ந்த இடத்துல உட்கார்ந்து பார்ப்பேன்.”

அந்தக் குப்பை என்ற வார்த்தையை அழி என்றேன். பழையதை அழிக்க முடியாதாம். அழித்தால் அப்புறம் அந்த நோட்டுக்கே மதிப்பு இல்லையாம். கீழே புதிதாக வேண்டுமானால் எழுதலாமாம். நல்ல நோட்டு.

மே 17, வியாழன்

பரமு துணி எடுத்துவைத்தாள். ரேஷனில் பாமாயில் வரவில்லை. குறுக்கு இழை ஓட்டுகிற பார்டர் நாடாவுக்கு நூல் சுற்ற வேண்டும்.

மத்தியானம் கடையில் தாமு திருப்பிப் போட்டான். இரண்டு நிமிஷம் ஆகவில்லை. மூன்று மாச வேலையை உள்ளே போடவும் வெளியே எடுக்கவும் இரண்டு நிமிஷம். நான் தறியில் நாலு இழை தப்பு விழுந்தால் ஊடை இழையை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுக்க அரை நாள் ஆகும்.

என் முகூர்த்தப் புடவை இன்னும் அந்த ஆணியில்தான் தொங்குகிறது. கேமராவை அதன் பக்கம் திருப்பினான். ஜரிகை வந்தது. அன்றைக்கு மாதிரியே.

தாமுதான் முதலில் மூக்கை உறிஞ்சினான்.

சாயங்காலம் நாத்தனார் வந்தாள். அவருடைய தங்கை, அடுத்த தெரு.

“இன்னா அண்ணி, நாளைக்குக் கல்யாணத்துக்குப் போறியாமே? வருஷம் திரும்பல. மஞ்சத்தண்ணி காயல. அந்தப் பொண்ணு வீட்ல இன்னா நெனைப்பாங்க?”

“யாரு பார்க்கப்போறாங்க? சாமான் ரூம்ல உட்காரப்போறேன்.”

“அப்படி இன்னா அவசரம்?”

“உங்க அண்ணன் போட்டத குப்பைன்னு எழுதியிருக்காங்க. உனக்கு அது அவசரமாத் தெரியலியா?”

முந்தானையை உதறிக்கொண்டு போய்விட்டாள். போகட்டும். அவர் போன பதினாறாம் நாள் இவள்தான் அத்தனை சத்தமாக அழுதாள்.

மே 18, வெள்ளி

முகூர்த்தம் ஏழரையிலிருந்து ஒன்பது. பின்வாசல் வழியாகப் போனேன். மேடைக்குப் பின்னால் சாமான் அறை. அரிசி மூட்டை, பூசணிக்காய், வாழை இலைக் கட்டு, நடுவில் மேஜை போட்டு கம்ப்யூட்டர். அங்கே அமெரிக்காவில் என்ன தெரிகிறதோ அதே இங்கேயும் தெரியும். தாமு கேமராவைத் தூக்கிக்கொண்டு மேடைக்குப் போனான். செல்போனை என்னிடம் கொடுத்தான். பெண்ணின் அக்கா அமெரிக்காவில் லைனில் இருக்கிறாள். எட்டு மாசம், ப்ளேனில் ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். கல்யாணம் ஆகிப் போனவள் தங்கையை மூன்று வருஷமாக நேரில் பார்க்கவில்லை.

“தெரியுதாம்மா?” என்று கேட்டேன்.

“சூப்பரா தெரியுதுங்க.”

பெண் வந்து உட்கார்ந்தாள். கிளிப்பச்சை, அரக்கு பார்டர். பார்டரில் ருத்திராட்சம் ஒவ்வொன்றாக எண்ணலாம். எண்ணினேன். யார் நெய்தது என்றுகூடச் சொல்லிவிடுவேன் போல, அவ்வளவு சுத்தம். மேடைக்கு ஓடிப்போய்த் தாமுவின் சட்டையைப் பிடித்து இழுத்துவந்து காட்ட வேண்டும் போல இருந்தது. இதுவா குப்பை, நல்லா பார்.

அப்புறம் ஓமத்தில் நெய் விட்டார்கள்.

நெருப்பு எழும்பியது. படம் ஒரு திணறு திணறியது. பித்தளைக் குத்துவிளக்கு இரண்டு, தட்டு நிறைய மஞ்சள் அரிசி, சாமந்தி மாலை, நெருப்பு. எல்லாமே மஞ்சள், எல்லாமே மினுக்குகிறது. அவர் எழுதினது எல்லாவற்றையும் ஜரிகை என்று நினைத்துக்கொண்டது. என் புடவை ஒன்றையே வைத்துப் பழக்கியது அல்லவா. அந்தச் சுவரில் நெருப்பு எங்கே இருந்தது?

படம் நின்றுவிட்டது. ஐயர் கரண்டியோடு கையைத் தூக்கினபடி. கரண்டியிலிருந்து விழுந்த நெய் பாதி வழியில்.

“ஹலோ, நின்னுடுச்சுங்க. ஹலோ. அண்ணா, நின்னுடுச்சு.”

சுவருக்கு அந்தப் பக்கம் கெட்டிமேளம். இந்தப் பக்கம் கரண்டி அப்படியே.

“ஹலோ, தாலி கட்றாங்களா? மேளம் கேக்குது. யாராவது சொல்லுங்க, கட்டிட்டாங்களா?”

கம்ப்யூட்டரில் எனக்கு என்ன தெரியும்? பொத்தான்களைப் பார்த்தேன். இடது கோடியில் ஒரு பொத்தானில் மட்டும் சின்ன ஜரிகைத் துண்டு, செல்லோடேப் போட்டு ஒட்டியிருந்தது. ஆயுத பூஜைக்கு ஒட்டியது என்று தாமு சொல்லியிருந்தான்.

தை மாசம் என் சித்தி மகள் கல்யாணம் நினைவுக்கு வந்தது. தாலி கட்டும் நேரம் இவருக்குக் காபி கொண்டுபோனேன். வாங்கவில்லை. வலது கையால் கீழே வை என்று காட்டினார். இடது கை அந்தக் கோடியில். கண் படத்தில். “அப்படி இன்னா கை ஒழியல உனக்கு?” என்று திட்டிவிட்டு வந்தேன். அந்தக் காபி ஆறிப்போய்க் கிடந்தது.

அந்தப் பொத்தானை அமுக்கினேன்.

படம் குதித்துக்கொண்டு ஓடியது. புடவை ரவையாகிவிட்டது. ஆனால் ஓடியது. விட்டேன், ஜரிகை வந்தது, நெருப்பு எழும்பியது, திணறியது. மறுபடி அமுக்கினேன். நெருப்பு எழும்பும்போது அமுக்க வேண்டும், தணியும்போது விட வேண்டும்.

மாப்பிள்ளை கட்டின முதல் முடிச்சு போய்விட்டது. இரண்டாவதும். மாப்பிள்ளையின் தங்கை போடும் மூன்றாவது முடிச்சுதான் தெரிந்தது. போனில் அந்தப் பெண் விசும்பினாள்.

எல்லாம் முடியும்வரை கையை எடுக்கவில்லை. பத்தொன்பது தடவை.

கடைசியில் அவளிடம் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

“புடவை நல்லா தெரிஞ்சுதாம்மா?”

“புடவைங்களா? என்ன கலர் அது? நான் அவ மூஞ்சியவே பார்த்துட்டிருந்தேங்க.”

மே 19, சனி

என்ன கலராம். மூன்று மாசம் ஒரு மனுஷன் கண்ணைக் கெடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான், என்ன கலராம். ஒரு புடவைக்கு நான் பதினைந்து நாள் குழியில் உட்காருகிறேன், என்ன கலராம்.

அவள்மேல் என்ன தப்பு? நான் அவளாக இருந்தாலும் மூஞ்சியைத்தான் பார்த்திருப்பேன்.

டைரியின் முன்பக்கத்தைப் புரட்டினேன்.

ஜனவரி 19. கை 22.
ஜனவரி 28. கை 17. நெருப்பு.
பிப்ரவரி 4. கை 17. குத்துவிளக்கு.
பிப்ரவரி 23. கை 11.
மார்ச் 9. கை 6.

என்ன கை என்று இப்போது தெரிகிறது. அந்தப் பொத்தானை அமுக்கின கணக்கு. நெருப்பு தெரியாமல் போட்டுவிட்டார், தெரிந்ததும் ஒவ்வொரு கல்யாணத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமாகச் சரி செய்துகொண்டே வந்திருக்கிறார். யாரிடமும் சொல்லவில்லை. நான் கேட்டால் நல்லாப் போகுது என்பார். சாக்கு என்று ஒரு தடவை சொன்னவளிடம் திரும்ப எப்படிச் சொல்வார்?

ஆனால் எனக்குப் பத்தொன்பது வந்ததே. அவருக்கு ஆறு. தாமுவைக் கேட்கப் பரமுவை அனுப்பினேன். கடைசியாகச் செய்த திருத்தம் எதையும் அவர் அந்த நோட்டில் ஏற்றவில்லையாம். அவருடைய பழைய கம்ப்யூட்டரில் இருந்திருக்கும், அதைச் சித்திரையில் துடைத்துவிட்டு, கீபோர்டை மட்டும் இதற்கு எடுத்துக்கொண்டு, வேறு வேலைக்குப் போட்டுவிட்டேன் என்று சொல்லி அனுப்பினான்.

முடிக்காமல் ஏற்றக் கூடாது என்று வைத்திருப்பார். அவர் அப்படித்தான். அரைகுறை டிசைனை யாருக்கும் காட்ட மாட்டார்.

போய்த் தாமுவை அறைய வேண்டும் போல இருக்கிறது. அவரையும்தான். ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கலாம்.

மே 21, திங்கள்

வெயில் அதேதான். தறியில் காலையில் ஒரு முழம். கோர்வைப் புடவை, பார்டர் நாடா தள்ளப் பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும். பரமு தள்ளினாள். நடுநடுவே தூங்கி விழுகிறாள். ஆள் இல்லாவிட்டால் பார்டர் உடம்போடு சேராது. அவர் எழுதினதும் அந்த மாதிரிதான். பக்கத்தில் அவர் கை இருக்கும்வரை சேர்ந்தது.

கடைக்குப் போனேன். தாமு எழுந்து நின்றான்.

“அண்ணி, ஒரு யோசன. இனிமே கல்யாணத்துக்கு நீங்களே வந்து அந்த இடத்துல உட்காருங்க. அந்தப் பொத்தான் மட்டும் பார்த்துக்கினா போதும்.”

“நான் உட்கார்ந்தா பத்தொம்பது. முதல் முடிச்சு போச்சு. அந்தப் பொண்ணுக்கு இன்னொரு தடவ கட்டிக் காட்டுவியா?”

“பழகிடும் அண்ணி.”

“நான் பழகற வரைக்கும் எத்தினி பேரோட தாலி போவும்? எடுத்துடு.”

அவன் என்னையே பார்த்தான்.

“எடுத்துடு தாமு. ஆனா நான் சொல்ற மாதிரி எழுதணும்.”

சொன்னேன். அவன் இங்கிலீஷில் அடித்தான். அடித்ததைத் திரும்பத் தமிழில் சொல்லச் சொல்லி இரண்டு தடவை கேட்டேன். ‘ஜரிகை வரி நாற்பதையும் எடுத்தது. குப்பை இல்லை. நெருப்பையும் ஜரிகை என்று நினைத்ததால் நின்றது. எழுதினவர் சரி செய்துகொண்டு வந்தார். கை 22லிருந்து 6 வரை வந்தது. முடிப்பதற்குள் போய்விட்டார்.’

“எடுத்தாலும் அழியாது அண்ணி. உள்ளேயே இருக்கும். யாராவது வந்து மிச்சத்த முடிக்கணும்னா எடுத்துக்கலாம்.”

“இருக்கட்டும்.”

“என் பேர்லயே போட்டுடறேன்.”

“நீ ஒரு தடவ எடுத்தது போதும். என் பேரப் போடு.”

தாமு கையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். காது சிவந்துவிட்டது.

“என்னா?”

“அண்ணின்னே கூப்ட்டுக் கூப்ட்டு... உங்க பேரு இன்னா அண்ணி?”

பதினாலு வருஷமாக என் வீட்டில் சோறு தின்கிறவன். சொன்னேன். குமுதவல்லி. ஒவ்வொரு எழுத்தாக அடித்தான்.

அந்த நோட்டை எனக்குக் காட்டினான். நாலு வரி. முதலில் அவர். அப்புறம் இரண்டு தடவை தாமு. கீழே நான். என் பெயரை இங்கிலீஷில் இப்போதுதான் பார்க்கிறேன், நீளமாக இருக்கிறது. கடைசிப் பொத்தானை நானே அமுக்கினேன். சுவரில் இருந்த புடவை திரையில் ரவையாகிவிட்டது. புடவையைக் கழற்றி மடித்துக்கொண்டேன்.

கோடிப் பொத்தானில் இருந்த ஜரிகைத் துண்டைத் தாமு நகத்தால் பிய்க்கப் போனான்.

“அது இருக்கட்டும்பா. அது ஒண்ணும் பண்ணாது.”

கண்ணாடியை இன்றைக்கு மறக்கவில்லை.